கட்டாக்காலிக் குதிரைகள்

"மாமி, கேற் எங்க?"

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு வரிசையில் நிற்கும்போது மருமகன் கேட்டான். ரொறன்ரோவில் பிறந்த பதினொரு வயதுப் பிள்ளை. நெடுந்தீவில் குதிரைகள் தங்கள் பாட்டில் திரியும், வாகனத்தில் ஏறிப்போய்ப் பார்க்கலாம் என்று ஒரு கிழமையாக நான்தான் ஆசை காட்டியிருந்தேன். அவனுக்கு அது சஃபாரி. ஒன்ராறியோவில் ஆஃப்ரிக்கன் லயன் சஃபாரி என்றொரு இடம் 1969 முதல் இருக்கிறது. சொந்தக் காரிலேயே சிங்கங்களுக்கும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது. குரங்குகள் காரில் ஏறும் என்று பயந்து அண்ணன் அங்கே பஸ்ஸில்தான் கூட்டிக்கொண்டு போனாராம். அப்படிப் பழகிய பிள்ளைக்கு கேற், ரிக்கற், கம்பிவேலி இல்லாத சஃபாரி பிடிபடவில்லை.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல கடலைத் தாண்டு ராசா. கேற்றைப் பிறகு பாப்பம்."

ஆவணி மாதம், சோளகம் அடிக்கிற காலம். கனடாவில் பள்ளி விடுமுறை அப்போதுதான் வரும் என்பதால் வேறு வழியில்லை. விடியக்காலையிலேயே யாழ்ப்பாணத்தில் வான் பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று தீவுக்குத் தீவு தாம்போதி வழியே வந்துசேர்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர்; களங்கண்ணி வலை கட்டிய தடிகள்; ஒற்றைக்காலில் நாரைகள். புங்குடுதீவுக்குள் நுழைந்ததும் காட்சி மாறும். நாற்சார வீடுகள், கூரை இல்லை. தலைவாசல் தூணில் ஆலங்கன்று. உள்ளே வளர்ந்த வேம்பு யன்னலால் வெளியே எட்டிப் பார்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் சனம் எழும்பிப் போன வீடுகள் இவை. மருமகள், ஏழு வயது, விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதோடு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

நெடுந்தீவுக்குப் போகிற படகு மேலே வெயில், கீழே இரைச்சல். பெண்களும் வயதானவர்களும் கீழே இறங்கி உட்கார, இளசுகள் மேலே. சீமெந்து மூட்டை, பாண் பெட்டி, மோட்டார் சைக்கிள் ஒன்று, பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நாலு பேர், நாங்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சற்றுத் தூரம் போனதும் நயினாதீவு தெரியும். நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையின் தாதுகோபமும் ஒரே கரையில் அருகருகே நிற்கும்.

குதிரைக் கதை நெடுந்தீவில் தொடங்கவில்லை. அது அந்தக் கோபுரத்தடியில் தொடங்குகிறது என்று அண்ணனுக்குச் சொன்னேன். அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்கட்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்ற சட்டம் வருகிறது. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசனுக்கு. மிச்சம் மூன்றும் உடையவனுக்கே. குதிரை வியாபாரி நட்டப்பட்டு மனம் வெறுத்துவிடக் கூடாது, அடுத்த கப்பலோடு திரும்பி வரவேண்டும். குதிரைக்காக ஒரு அரசன் தன் பங்கைக் குறைத்துக்கொண்டான்.

நாலைந்து நூற்றாண்டு கழித்து அதே துறையால் மிருகங்கள் வெளியே போயின. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் அந்தத் துறையை யானைத் துறை என்று தங்கள் மொழியில் சொன்னது தேய்ந்துதான் கயிற்ஸ் என்ற பெயர் வந்தது என்பார்கள். யானை போனது, குதிரை வந்தது. யானையின் தடமே இன்று தீவுகளில் இல்லை. குதிரை மட்டும் நின்றுவிட்டது.

"அப்ப அது ஆற்ற குதிரை?" என்றான் மருமகன். அன்று முழுவதும் அந்தக் கேள்வியை அவன் விடவில்லை.

மாவலித் துறையில் இறங்கினோம். பிள்ளைகள் முன்னே ஓட, அம்மா துறையருகே இருந்த நினைவிடத்தின் முன் சற்று நின்றார். 1985 மே 15 அன்று, இதே கடலில், குமுதினிப் படகில் வந்தவர்கள் குழந்தை குட்டிகளென்றும் பாராமல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகு பிறகும் பல வருடம் இதே வழியில் ஓடியது. சனத்துக்கு வேறு படகு ஏது? அம்மா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி நின்றார். மறுபடி போட்டுக்கொண்டு வந்தார்.

எங்களுக்கான வாகனம் தயாராக நின்றது. பட்டா என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற சிறிய லொறி. பின்னால் இரண்டு பக்கமும் பலகை வாங்கு, மேலே படங்கு. நடுவில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரல், கயிற்றால் கட்டியபடி.

"இதை இறக்க ஏலாதோ தம்பி? கால் நீட்ட இடமில்லை," என்றார் அம்மா.

"பின்னேரம் தேவைப்படும் அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டால் காணும்."

கண்ணாடி இல்லாத, கதவில்லாத சஃபாரி வண்டி. அண்ணி மகளின் இடுப்பைத் தன் சால்வையால் வாங்கோடு சேர்த்துக் கட்டினார்.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது குதிரையல்ல, கல். வேலியென்றால் யாழ்ப்பாணத்தில் கிடுகு, பனையோலை, கிளுவங்கதியால். இங்கே எல்லாம் முருகைக்கல். கடல் ஒரு காலத்தில் விட்டுப்போன கல்லைத் தோட்டத்திலிருந்து பொறுக்கி, சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நெஞ்சளவு உயர்த்தியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். சோளகம் அதற்குள்ளால் விசிலடித்துக்கொண்டு போகும். அதனால்தான் விழுவதில்லை என்றார் சாரதித் தம்பி. காற்றை மறித்த மதில் சரியும், வழிவிட்ட வேலி நிற்கும். தோட்டத்துக்குக் கல் அகற்றியதுமாயிற்று, மாடும் குதிரையும் உள்ளே வராமல் மறித்ததுமாயிற்று.

சுற்றுலாக்காரர் பார்க்கும் இடங்களை வேகமாகவே பார்த்தோம். முருகைக்கல்லால் எழுந்து இடிந்த கோட்டை. தபாலுக்குப் புறா வளர்த்த கூடு. வளர்கிற கல் என்று வணங்கப்படும் கல். பிள்ளைகள் அது வளர்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சலித்தார்கள். பெருக்கமரத்தடியில்தான் கொஞ்சம் நின்றோம். ஆபிரிக்க மரம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். அடிமரத்தில் குகை போல ஒரு பொந்து. இரண்டு பிள்ளைகளும் உள்ளே போய்விட்டு, வெளியே வர மாட்டோம் என்றார்கள். குதிரையைப் போலவே இதுவும் கடலால் வந்து, கொண்டுவந்தவன் போனபிறகும் நிற்பது.

பிறகு கல்வேலிகள் குறைந்தன. பனை தள்ளிப் போனது. தீவின் வெளி திறந்தது.

கண்ணுக்கு எட்டியவரை தட்டையான நிலம். மாரியில் பச்சைப் பசேலென்று கிடக்கும் என்கிறார்கள். நாங்கள் போனபோது புல் காவி நிறத்தில், வெட்டிய தலைமயிர் போலக் குத்திட்டு நின்றது. அங்கங்கே கல் துருத்திய மொட்டை. தூரத்தில் கடல் ஒரு வெள்ளிக் கோடு. தம்பி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். காற்று மட்டும்.

"அங்கை பாருங்கோ."

முதலில் எனக்குப் பற்றைகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு பற்றை வாலை வீசியது. ஒன்பது குதிரைகள். மட்டக்குதிரை இனம், ஆளின் நெஞ்சளவு உயரம். செம்மண் நிறத்தில் ஐந்து, கரும்பழுப்பில் மூன்று, வெள்ளைத் திட்டு விழுந்த ஒன்று. இரண்டு குட்டிகள். விலா எலும்பு தெரிந்தது. காற்றுக்கு முதுகு காட்டி, தலையைத் தாழ்த்தி, மண்ணைப் பல்லால் சுரண்டுவது போல மேய்ந்தன. ஒன்று கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். நேரம் போகப் போகத்தான் அது கூட்டமல்ல, குடும்பம் என்று விளங்கியது. கரும்பழுப்பில் ஒன்று மேயாமல் ஓரத்தில் நின்றது. அதுதான் ஆண். மற்றவை பெட்டைகளும் அவற்றின் குட்டிகளும். குதிரைகள் எங்கே அவிழ்ந்து திரிந்தாலும் இப்படித்தான் வாழும்: ஒரு ஆண், சில பெட்டைகள், குட்டிகள். ஆண்குட்டி வளர்ந்து வாலிபமானால் தகப்பன் கடித்து விரட்டிவிடும். விரட்டப்பட்டவை தங்களுக்குள் ஒரு கூட்டமாகித் திரிந்து, பலம் வந்தபின் தங்களுக்கென்று ஒரு குடும்பம் தேடும். அப்படி மூன்று வாலிபர்கள் இருநூறு யார் தள்ளி நின்றார்கள். அதில் ஒன்று கொஞ்சம் கிட்ட வந்தது. உடனே கரும்பழுப்பு காதைப் பின்னுக்கு மடித்து, கழுத்தைப் பாம்பு போலத் தரைக்குத் தாழ்த்தி நடந்தது. ஓடக்கூட இல்லை, நடந்ததுதான். வாலிபன் திரும்பிப் போய்விட்டான்.

"அப்பா மாதிரி," என்றாள் மருமகள். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"கிட்டப் போகலாமா?" என்று மருமகன் கேட்டான்.

"இறங்கலாம். ஆனா பின்பக்கமாப் போகக் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவிலையும் போகாதேங்கோ. தின்னக் குடுக்கவும் வேண்டாம், பிறகு றோட்டுக்கு வரப் பழகிடும்."

1966 இல் இங்கிலாந்தின் லோங்லீற்றில், ஆபிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக வாகனத்தில் சுற்றிப் பார்க்கும் பூங்கா திறந்தபோது அதில் புதுமையாக இருந்தது ஒன்றுதான். அதுவரை மிருகம் கூண்டில், மனிதர் வெளியே. இனி மனிதர் கூண்டில், மிருகம் வெளியே. நம் நாட்டிலும் 2016 இல் அம்பாந்தோட்டைப் பக்கம் றிதியகமவில் 500 ஏக்கரில் அப்படியொன்று திறந்தார்கள். எங்கே போனாலும் ஒன்று மாறாது: சாப்பாட்டு லொறி வரும் நேரம் சிங்கத்துக்குத் தெரியும், வைத்தியர் உண்டு, பெயர் உண்டு, பதிவேடு உண்டு. அங்கே உள்ள ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு உடையவன் இருக்கிறான். இங்கே எங்களுக்கும் கூண்டில்லை, அவற்றுக்கும் கூண்டில்லை. லொறியும் வராது.

இவை காட்டுக்குதிரைகளா? இல்லை. காட்டுக்குதிரை என்று இன்று உலகத்தில் எஞ்சியிருப்பது மொங்கோலியப் பக்கத்து இனம் ஒன்றுதான் என்பார்கள். இவை வீட்டு மிருகங்களின் பேரப்பிள்ளைகள். எங்கள் தமிழில் அதற்குச் சரியான சொல் உண்டு: கட்டாக்காலி. கட்டாமல் விட்ட கால்நடை. ஊரில் கட்டாக்காலி மாடு என்றால் கோபத்தோடு சொல்வோம், பயிரைத் தின்றுவிடும் என்று. அந்தச் சொல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. கட்ட வேண்டியவன் ஒருவன் எங்கோ இருக்கிறான், அவன் கட்டவில்லை.

யார் அவன்? போர்த்துக்கேயர் இதைப் பசுத்தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றப் பெயர்கள் உதிர்ந்துபோயின. டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரையை ஒல்லாந்தர் இங்கே பெருக்கினார்கள். சுற்றிக் கடல் இருப்பதால் வேலிச் செலவில்லை. பிறகு ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரி தீவையும் குதிரைகளையும் பராமரித்தான். குட்டி அரசனைப் போல வாழ்ந்தான் என்றும் பிள்ளைகள் பலரை விட்டுப்போனான் என்றும் கதை. தீவில் பூனைக்கண் யாருக்காவது இருந்தால் இன்றும் அவன் பெயர் அடிபடும். அதன்பின் குதிரை லாபமில்லை என்றானது. ஆட்கள் போனார்கள், இலாயம் விழுந்தது, குதிரை நின்றது.

அந்த இலாயத்தையும் பார்த்தோம். கூரையில்லை. கல்லும் சாந்தும் சேர்த்த பருத்த தூண்கள் இரண்டு வரிசையாக வெயிலில் நிற்கின்றன. அண்ணன் தூண்களை எண்ணினார். மருமகள் தூணடியில் எதையோ குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். மண்டையோடு ஒன்று. நீண்ட தாடை, தேய்ந்த பல், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"குதிரையா?"

"குதிரைதான்," என்றார் தம்பி. "தண்ணி இல்லாத வருசம் விழுந்திருக்கும்."

நெடுந்தீவில் ஆறில்லை, குளமென்று பெரிதாக இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் முழு வருடத்துக்கும். அந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நன்னீர், ஆசைப்பட்டு அள்ளினால் உப்பு. நல்ல தண்ணீருக்குப் பேர்போன சாறாப்பிட்டிக் கிணறுகள் போல ஒன்றிரண்டு இடத்தைத்தான் முன்பு தீவே நம்பியிருந்தது. குதிரையொன்று நாளுக்கு இருபது லீற்றராவது குடிக்கும். பள்ளங்கள் வற்றும் சோளகக் காலத்தில் அவை ஊர்ப்பக்கம் வந்து கிணற்றடியில் நிற்கும். வறட்சி கடுமையான வருடங்களில் செத்து விழுந்த செய்தி பத்திரிகையில் வரும். வாளியோடு யாராவது ஓடுவார்கள். மழை வந்ததும் மறந்துவிடுவார்கள்.

2015 ஆம் ஆண்டு இந்த வெளியில் 1,800 ஹெக்டேயருக்கு மேல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். குதிரையைத் துன்புறுத்துவதோ தீவிலிருந்து கொண்டுபோவதோ குற்றம். ஆக, மருமகனின் கேள்விக்குக் காகிதத்தில் பதில் உண்டு. "அரசாங்கத்தின்ர குதிரை," என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அம்மாவின் தாய்மாமன் ஒருவர் இளமையில் இதே வெளியில் ஒன்றைச் சுருக்குப்போட்டுப் பிடித்து, பழக்கி, வண்டியில் கட்டியவர். "பிடிச்சவன்ர குதிரை. அந்தக் காலத்தில அப்பிடித்தான்," என்றார் அம்மா.

மத்தியானம் தம்பியின் வீட்டிலேயே சாப்பாடு. புழுங்கலரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கைக்காய், பொரித்த கணவாய். கல்வேலிக்கு உள்ளே நாலு மாடு, கொஞ்சம் ஆடு. வேலிக்கு வெளியே, றோட்டோரம், சீமெந்துத் தொட்டியொன்று. அதனடியில் அங்குலமளவு பாசித் தண்ணீர். சாப்பிட்டுக் கை கழுவிய தண்ணீரைக் கூட வீட்டுக்கார அம்மா வாளியில் பிடித்துவைத்தார்.

படகு பின்னேரம். துறைக்குத் திரும்பும் வழியில் தம்பி ஒரு பொதுக் குழாயடியில் வண்டியைத் திருப்பினார். "ரெண்டு நிமிசம் அக்கா, இப்ப விட்டா பிறகு வரிசை." நீலப் பரல் நிரம்பத் தொடங்கியது. கால் நீட்ட இடமில்லாமல் நாள் முழுவதும் அதைத் திட்டிக்கொண்டு வந்த நாங்கள் ஆறு பேரும் இறங்கி நின்று பார்த்தோம்.

"மாட்டுக்கோ?" என்றார் அம்மா.

"மாட்டுக்குத்தான். வெளித்தொட்டியில ஊத்துவன். ராத்திரி அவையளும் வந்து குடிப்பினம்."

"அவையள்?"

"குதிரையள். விடிய எழும்பிப் பாத்தா தொட்டி காஞ்சு கிடக்கும். தோட்டத்துக்க வந்தா கல்லெறிவன், தொட்டியில நிண்டா எறியிறேல்ல. தண்ணி குடிக்கிறதை விரட்டலாமோ?"

மருமகன் உடனே பிடித்துக்கொண்டான். "அப்ப அது உங்கட குதிரையா அங்கிள்?"

தம்பி குழாயை மூடினார். கொஞ்சம் யோசித்தார். "தண்ணி வைக்கிறவன்ர எண்டு சொல்லலாம். அதுகள் அப்பிடி நினைக்கிறேல்ல."

திரும்பும்போது கடல் எழும்பியிருந்தது. மருமகள் அண்ணியின் மடியில் வாந்தி எடுத்துவிட்டு உறங்கிப்போனாள். குறிகட்டுவானில் வான் ஏறியபோது வெயில் சரிந்திருந்தது. புங்குடுதீவுக்குள் காலையில் பார்த்த அதே வீடுகள், இப்போது மறுபக்கத்து யன்னலில். ஒரு நாற்சார வீட்டின் திண்ணையில் சிவப்பு மாடொன்று படுத்து அசைபோட்டது.

"மாமி, இது ஆற்ற வீடு?"

"உரித்துக்காரர் இருக்கினம். பாரிசிலயோ லண்டனிலயோ. உறுதியெல்லாம் பத்திரமா வச்சிருப்பினம்."

அவன் திரும்பி மாட்டைப் பார்த்தான். வான் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப தண்ணி ஆர் வைக்கிறது?"

முன் இருக்கையில் இருந்த அண்ணன் கண்ணாடியை இறக்கினார். சோளகம் உள்ளே வந்தது. அம்மாதான் பேசினார்: "தம்பி, வேலணையில எங்கட ஒழுங்கையடியில ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கிணறு எப்பிடி இருக்கெண்டு பாத்திட்டுப் போவம்."